குருசுமேட்டில் பழ டாபி இறுகாத காலம்

குருசுமேட்டில் பழ டாபி இறுகாமல் போனது ஏன் என்று இன்றைக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒருவர் பாலைச் சொல்வார், ஒருவர் சர்க்கரையைச் சொல்வார், மலைக்கு மேலே ரிசார்ட் கட்டினவர்கள் போர் போட்டுத் தண்ணீரின் குணத்தையே மாற்றிவிட்டார்கள் என்று கைநீட்டிக் காட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் சவரியாயி வீட்டுப் பக்கம் மட்டும் ஒருத்தர் கையும் நீளாது. அப்படிப்பட்ட ஊர் அது.

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறுகிற பாதையில், பாதி வெயிலும் பாதி குளிருமாக இருக்கிற ஊர். காப்பி, ஆரஞ்சு, ப்ளம்ஸ், நடுவில் ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி ஓட்டு வீடுகள். பழ டாபியை எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் பார்த்தவர் கற்றுக்கொண்டு வந்தார் என்பார்கள். துரை போய், பங்களா இடிந்து, டாபி மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. வைகாசியில் பழுக்கிற ப்ளம்ஸைக் கொட்டை நீக்கிச் சர்க்கரையில் புரட்டிப் பீங்கான் ஜாடியில் ஊறப்போட்டு, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் ஜாடியைத் திறந்து, அடிகனத்த சட்டியில் எருமைப்பாலையும் சர்க்கரையையும் ஏற்றி, பால் பாதியாகி, பாதி அதிலும் பாதியாகி, வெள்ளை போய்ச் சந்தன நிறம் வந்து, கரண்டிக்குக் கனம் தட்டுகிற நேரத்தில் வெண்ணெயும் பழமும் நறுக்கின ஆரஞ்சுத் தோலும் போட்டு, கை மாற்றாமல் ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தால், உருண்டு நிற்பதுதான் பதம். நெய் தடவின தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, கத்தியை வைத்து அழுத்தி வில்லை போடுகிற டொக் டொக் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அங்கே கிறிஸ்மஸ்.

சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருசம் டாபிக்கு அடுப்பு மூட்டக் கூடாது. அவர்களுக்கு ஊர் கொண்டுபோகும். கிறிஸ்மஸுக்கு முந்தின விழிப்பு நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வீட்டுக்கு ஒருத்தி பூப்போட்ட எனாமல் தட்டில் டாபி அடுக்கி, மேலே வெள்ளைப் பின்னல் துணி மூடி, துக்க வீட்டுப் படியேறி, மேசையில் தட்டை வைத்து, செத்தவர் பேரைச் சொல்லி, "அவருக்காக, எங்க அடுப்பு உங்க அடுப்பு" என்பாள். மற்ற சமயத்தில் வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவது பெரிய அவமானம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். துக்க வீட்டுக்காரர்கள் மட்டும் தட்டைக் கழுவி வெறுந்தட்டாகத்தான் திருப்ப வேண்டும், அதனால் ஒருத்தி வெறுந்தட்டு ஏந்தித் தெருவில் போனால் அவள் வீட்டில் சாவு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பேர் சொல்லித் தட்டு வந்து, வெறுமையாகத் திரும்பிப் போனால்தான் செத்தவர் ஒழுங்காகச் செத்தார், இருக்கிறவர்கள் இனிமேல் சிரிக்கலாம் என்பது ஊர்க் கணக்கு.

சவரியாயி எத்தனையோ வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனவள். பக்கத்து வீட்டு ரெஜினாவின் புருசன் மிக்கேல் சவுக்கு மரத்திலிருந்து விழுந்து செத்த வருசம், முதல் தட்டு இவள் தட்டுதான். "மிக்கேலுக்காக" என்று இவள் சொன்னதும், அதுவரைக்கும் கல்லாக உட்கார்ந்திருந்த ரெஜினா இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இவளுக்குப் புருசன் போய் வெகுகாலம். ஒரே மகன் இன்னாசி. ஜீப் ஓட்டினான், தோட்டங்களிலிருந்து பழப் பெட்டிகளை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவான், அடிபட்ட பழங்களை ஒரு கூடையில் சேர்த்து அம்மாவுக்குக் கொண்டுவருவான். அந்த வருசமும் வைகாசியில் அப்படித்தான் ஒரு கூடை ப்ளம்ஸ் வந்தது, இவளும் ஜாடியில் போட்டுத் துணி கட்டி வைத்தாள். ஆவணியில் ஒரு நாள் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று யாருக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. அன்றைக்குக் காலையில் காப்பி குடித்தான், சட்டையில் ஒரு பொத்தான் தைத்துத் தரச் சொன்னான், இவளும் தைத்துத் தந்தாள். அந்தப் பொத்தானைப் பல்லால் நூலறுத்துத் தைத்தபோது அவன் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அப்படிச் செத்தவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் சூசைமாணிக்கம். பங்குச் சாமியார் ஊருக்குப் புதுசு, சின்ன வயசு. அதெல்லாம் பழைய காலம், இப்போது திருச்சபை அப்படிச் சொல்வதில்லை, நானே செபம் சொல்லிக் குழியை மந்திரிக்கிறேன் என்று எவ்வளவோ சொன்னார். திருச்சபை மாறியிருக்கலாம் சாமி, எங்க ஊர் மாறலையே என்று பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம், பேரிக்காய் மரத்தடியில் புதைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு ஊர் கலைந்தது.

அந்தக் கிறிஸ்மஸுக்கு சவரியாயி வேறெதையும் எதிர்பார்க்கவில்லை. வேலியைத் தாண்டி அவனை உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை, பூசை கேட்கவில்லை. ஒரே ஒரு தட்டு வந்தால் போதும், ஒரே ஒருத்தி படியேறி அவன் பேரைச் சொன்னால் போதும் என்றிருந்தாள். மேசையைத் துடைத்தாள், புதுத்துணி விரித்தாள், இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தாள். அந்த வருசம் ஊரில் இன்னொரு சாவும் உண்டு, தோமையார் வீட்டுக் கிழவி, பல்லெல்லாம் கொட்டி, பேரன் பேத்தி எடுத்து, போதும் போதும் என்று போனவள். வெள்ளைத் துணி மூடின தட்டுகள் வரிசையாக சவரியாயி வாசலைக் கடந்து அந்த வீட்டுக்குப் போயின. வாசலைக் கடக்கும்போது மட்டும் எல்லோருக்கும் காலடியில் கல் தட்டுப்பட்டது, எல்லோரும் குனிந்தே நடந்தார்கள். ரெஜினா தட்டும் கையுமாக இவள் வீட்டுப் படல் வரைக்கும் வந்தாள், படலில் கைகூட வைத்தாள். தெருக்கோடியில் உபதேசியார் பெண்சாதி நிற்பதைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி திரும்பி, வந்த வழியே போய்விட்டாள்.

விளக்கு வைத்தாயிற்று. கோயில் மணியும் அடித்தாயிற்று. சவரியாயி எழுந்து கதவைச் சாத்தினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

அந்தக் கதவு சாத்தின நேரத்தில் குருசுமேட்டில் இருந்த அத்தனை டாபியும் இளகியது. முனை கூர்மையாக அறுத்து அடுக்கின வில்லைகள் மெல்லத் தோளைத் தொங்கப்போட்டு, ஒன்றோடொன்று சாய்ந்து, தட்டின் பூவை மூடி, விளிம்பைத் தாண்டி வழிந்தன. தோமையார் வீட்டு மேசையிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து வாசல்படிக்கும் சந்தன நிறத்தில் ஒரு ஓடை இறங்கியது, அதில் ப்ளம்ஸ் துண்டுகள் மிதந்து போயின. அடுப்படி வெக்கை, வேறென்ன என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வழித்து எடுத்து மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் விட்ட சொட்டு உருளாமல் கரைந்தே போனது, கிண்ணத்துத் தண்ணீர் இனிப்பானதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு ஊரில் டாபி இறுகவில்லை. புத்தாண்டுக்குக் கிண்டினார்கள், இறுகவில்லை. ஈஸ்டருக்கு எருமையை மாற்றிக் கறந்து, சர்க்கரைக் கடையை மாற்றி வாங்கி, சவுக்கு விறகுக்குப் பதில் காப்பிக் கட்டை வைத்துக் கிண்டினார்கள், கை கொப்பளித்ததே தவிர டாபி குழம்பாகவே இருந்தது. சோளமாவு போட்டார்கள், கடல்பாசி போட்டார்கள், ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்து எடுத்தார்கள்; பக்கத்தில் இருந்த தோசைமாவு கட்டியாக உறைந்திருக்க, டாபி மட்டும் சாய்த்தால் சாய்ந்த பக்கம் சிரித்துக்கொண்டு வந்தது. சூசைமாணிக்கம் ஒன்பது நாள் செபமாலை சொல்லவைத்தார். திண்டுக்கல்லிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார், போனவர் போனவர்தான்.

காரணத்தை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மனுசர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள், சொல்லுங்கள். மழைக்காலத்துக்குள் டாபியை டம்ளரில் ஊற்றிக் குடிக்கப் பழகிவிட்டார்கள். சூடாகக் குடித்தால் நெஞ்சுக்கு இதம் என்றார்கள், குளிர்ந்தபின் குடித்தால் தூக்கம் நன்றாக வருகிறது என்றார்கள். மலைப்பாதையில் கார் நிறுத்தின டூரிஸ்டுகள் குடித்துவிட்டு ஆகா என்றதும், 'குடிக்கும் டாபி' என்று போர்டு எழுதி இரண்டு கடை முளைத்தது, கேரளாவிலிருந்து வேன் வேனாக ஆள் வந்தது. கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே டம்ளரில் கொடுக்கிற புதுச் சடங்கு வந்தது. துக்க வீட்டுக்குச் சொம்பில் கொண்டுபோனார்கள், சொம்பு வாய்க்கு அளவாகச் சின்னதாகப் பின்னல் துணி பின்னிக்கொண்டார்கள். பழைய துணிகளும் எனாமல் தட்டுகளும் பரணுக்குப் போயின. வில்லை போடுகிற கத்திகள் துருப்பிடித்தன. துரை காலத்திலேயே இது குடிக்கிற பண்டம்தானாம், நடுவில்தான் யாரோ தெரியாமல் இறுகவைத்துக் கெடுத்துவிட்டார்களாம் என்று சூசைமாணிக்கம் ஒரு நாள் திருவாய் மலர்ந்தார், ஊரும் ஆமாம் ஆமாம் என்றது. எல்லாம் செய்தார்கள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சவரியாயி வீட்டுப் படியேறுவது ஒன்றைத்தான் செய்யவில்லை.

மறுவருசமும் அவள் மேசையைத் துடைத்துக் கதவைத் திறந்துவைத்தாள். இந்தத் தடவை சொம்புகள் அவள் வாசலைக் கடந்து போயின. ஒரு சொம்பாவது உள்ளே திரும்பும் என்று நினைத்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் குழாயடியில் ரெஜினா பக்கத்தில் வந்து நின்றாள். குடம் நிறைந்து வழிகிற வரைக்கும் நின்றுவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மதினி, நீ மனசு வச்சா எல்லாம் சரியாப் போகும்" என்றாள்.

"நான் என்னத்தை வச்சேன் ரெஜினா, எடுக்கிறதுக்கு?" என்றாள் சவரியாயி.

உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. அவள் சாபம் விடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். தட்டு கொண்டுவர ஆகாத கால், கெஞ்சிக் கேட்க மட்டும் வருகிறதே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு கசந்தது. அந்தக் கசப்பு இறங்கவே இல்லை.

மூன்றாம் வருசம் மார்கழி பிறந்ததும் அவள் நேராக சூசைமாணிக்கம் வீட்டுக்குப் போனாள். தின்பண்டம் எதுவும் கிண்டாமல், கறுப்புச் சேலை மாற்றாமல், இரண்டு கிறிஸ்மஸ் தாண்டிவிட்டது. தட்டு வந்தால்தானே துக்கம் முடியும், என் துக்கம் எப்போது முடியும் என்று கேட்டாள். அவர் டம்ளரை வைத்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா சவரியாயி, உன் வீட்டுல துக்கம்னு யாரு சொன்னா? நம்ம வழக்கப்படி அது துக்க வீடே இல்லையே."

"அப்படின்னா நான் டாபிக்கு அடுப்பு மூட்டலாமா?"

"தாராளமா மூட்டு" என்று சிரித்தார் மனுசர். இறுகப் போவதில்லை, குடிக்கத்தானே போகிறாள் என்ற தைரியம்.

விழிப்பு நாள் காலையில் சவரியாயி பரணிலிருந்து ஜாடியை இறக்கினாள். இன்னாசி கொண்டுவந்த கூடைப் பழம், கட்டின துணி கட்டினபடி இருந்தது. அவிழ்த்ததும் வீடெல்லாம் வைகாசி மணம் அடித்தது. பழம் கறுத்துத் தேனாகி, ஒன்றுகூடப் பூசணம் பிடிக்காமல் கிடந்தது. பாலை ஏற்றினாள், சர்க்கரையைக் கொட்டினாள், கிண்டத் தொடங்கினாள். துக்க வீடு இல்லையாமே என்று கிண்டினாள், என் பிள்ளை சாகவே இல்லையாமே என்று கிண்டினாள், பத்து மாதம் சுமக்கவும் இல்லை, பால் கொடுக்கவும் இல்லை, பொத்தான் தைக்கவும் இல்லை, பேரிக்காய் மரத்தடியில் கிடப்பது யாரோ எவரோ என்று கிண்டினாள், பால் பாதியாயிற்று, பாதி அதிலும் பாதியாயிற்று, தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தும் கையை மாற்றாமல் கிண்டினாள். ஒரு சொட்டு அழவில்லை. கடைசியில் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு, விரலை வைத்தாள். அது உருண்டது.

தாம்பாளத்தில் கொட்டினாள், ஆறியது. கத்தியை வைத்து அழுத்தினாள். டொக்.

இரண்டு வருசமாக அந்த ஊர் கேட்காத சத்தம். தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அடுப்படியில் டம்ளர் கழுவின பெண்கள் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். டொக், டொக், டொக் என்று கத்தி இறங்க இறங்க, கிழவர்கள் எச்சில் விழுங்கினார்கள், ஒருத்தர் வாய்விட்டே அழுதாராம். இன்ன பண்டத்தைத் தொலைத்தோம் என்பதே அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

சாயங்காலம் சவரியாயி வாசலுக்கு வந்தபோது, கீழ்த்தெருவிலிருந்து அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சொம்பு இல்லை. பரணிலிருந்து இறக்கித் துடைத்த பூப்போட்ட தட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பின்னல் துணி, வீட்டுக்கு ஒருத்தி, முன்னால் ரெஜினா, கூட்டத்துக்கு நடுவில் சூசைமாணிக்கம். விளக்கு வைக்கிற நேரம். அவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. உள்ளே ஓடினாள், மேசையில் கிடந்த தாம்பாளத்தை அடுப்படிக்குள் தள்ளினாள், துணியைத் தட்டி விரித்தாள், இன்னாசியின் படத்தை முந்தானையால் துடைத்தாள், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வந்துட்டாங்கடா தம்பி, எல்லாரும் வந்துட்டாங்க என்று படத்திடம் சொன்னாள். பாவி மகள், அந்த ஒரு நிமிசம் அவ்வளவு சந்தோசமாக இருந்தாள்.

ரெஜினா படல் திறந்து படியேறி வந்து மேசையில் தட்டை வைத்தாள். எனாமல் தட்டு மேசையில் பட்ட சத்தம் கணீர் என்று கேட்டது. சவரியாயிக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கை போய்த் துணியை விலக்கியது. தட்டில் பூ மட்டும்தான் இருந்தது.

அடுத்த தட்டைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். எல்லாம் வெறுந்தட்டு.

"வீட்டுக்கு ரெண்டு வில்லை போட்டாப் போதும், சவரியாயி" என்றார் சூசைமாணிக்கம், எந்தக் கூச்சமும் இல்லாமல். "ஊருக்கு நல்ல காலம் பொறந்திருச்சு."

அவள் கையில் இருந்த பின்னல் துணியை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு, துக்கம் விசாரிக்கிறவர்கள் கேட்கிற தணிந்த குரலில் கேட்டாள்.

"எல்லாரும் வெறுந்தட்டு ஏந்தி வந்திருக்கீங்களே. யாரு வீட்டுல சாவு?"

பின்னால் நின்றவர்கள் தட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"யாரோ செத்திருக்கணும்ல. இல்லாட்டி வெறுந்தட்டோட படியேறுவீங்களா? பேரைச் சொல்லுங்க. பேரைச் சொன்னா எல்லாத் தட்டுலயும் வச்சுத் தர்றேன்."

அடுப்படியிலிருந்து வெண்ணெயும் பழமும் கலந்த மணம் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், சுவரில் இருந்த படத்தை மட்டும் பார்க்கவில்லை. மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ, ஒரு பேர், அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ரெஜினாவின் உதடு அசைந்தது. அசைந்ததை சவரியாயி பார்த்தாள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார். ரெஜினா குனிந்து, தன் தட்டை எடுத்துக்கொண்டு, துணியை மறுபடி மூடி, முதல் ஆளாகப் படியிறங்கினாள்.

மற்றவர்களும் இறங்கினார்கள். அந்த நேரத்தில் வெளியூர்க்காரர் யாராவது அந்தப் பாதையில் வந்திருந்தால், வெறுந்தட்டு ஏந்தித் தெரு நிறையப் போகிற பெண்களைப் பார்த்து, இந்த ஊரில் ஒரு வீடு விடாமல் சாவு விழுந்துவிட்டதே என்று தொப்பியைக் கழற்றியிருப்பார். வீட்டுக்குப் போய் அவர்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள். இன்றைக்கும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சவரியாயி தன் தட்டை எடுத்தாள். ப்ளம்ஸ் தெரிகிற வில்லைகளாகப் பார்த்து அடுக்கினாள், பின்னல் துணி மூடினாள், பின்கதவு வழியாக வெளியே போனாள். வீட்டு வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, தன் வீட்டுப் படலைத் தானே திறந்து, படியேறி உள்ளே வந்து, மேசையில் தட்டை வைத்தாள். இந்தத் தடவை தட்டு கனமாகத்தான் உட்கார்ந்தது.

"இன்னாசிக்காக" என்றாள். "எங்க அடுப்பு உங்க அடுப்பு."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்காரியாக ஒரு வில்லை எடுத்து வாயில் போட்டாள். தித்திப்பாகத்தான் இருந்தது, கொஞ்சம்கூடக் குறையில்லாத தித்திப்பு, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மிச்சத்தைப் பேரிக்காய் மரத்தடிக்கு என்று ஒரு இலையில் கட்டிவைத்தாள். தட்டைக் கழுவினாள், துடைத்தாள், வழக்கப்படி வெறுந்தட்டாகவே எடுத்துக்கொண்டு, வந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பி வாசல் வரைக்கும் போனாள். எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.